நீல மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது

அவள் வேலை கேட்டுப் போனபோது அந்தப் பள்ளிக்கூடம் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது. இரண்டே அறைகள். ஒன்றில் தமிழ், மற்றதில் ஆங்கிலம். 'இருமொழிப் பன்னாட்டுப் பகல் பள்ளி' என்று மாட்டியிருந்த பலகை மாடிப்படியைவிட அகலம். பன்னாட்டுக்குச் சாட்சியாக ஒரே ஒரு வெளிநாட்டுக் குழந்தை படித்தது. அதுவும் பாதி நாள் காய்ச்சல் என்று வராது.

பள்ளியைத் தொடங்கிய பெரிய மேடம்தான் அவளிடம் பேசினார்.

"நம்ம முறை இதுதாம்மா. ஒருத்தர் ஒரு மொழிதான் பேசணும். பச்சைக் கோட்டு போட்டவங்க தமிழ், நீலக் கோட்டு இங்கிலீஷ். நீங்க நீலம். குழந்தைங்களைப் பொறுத்தவரைக்கும் உங்களுக்குத் தமிழ் சுத்தமா தெரியாது. சரியா?"

"குழந்தை அழுதா?"

"அழுதாலும்தான்."

இதென்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்து அவள் தலையாட்டிவிட்டாள்.

ஒருநாள் காய்கறிக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்ற ஓர் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி அவளுடைய வகுப்புக் குழந்தை. பேரத்தைப் பாதியில் விட்டாள். கத்தரிக்காயைக் கையால் காட்டி, ஆங்கிலத்தில் விலை கேட்டாள். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னக்கா ஆச்சு? இவ்வளவு நேரம் நல்லாத்தானே திட்டிக்கிட்டு இருந்தீங்க?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். அந்தக் குழந்தையோ கடைக்காரருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னது: "அவங்களுக்குத் தமிழ் தெரியாது மாமா. மெதுவா சொல்லுங்க."

பள்ளி வளர்ந்தது. தையல் கடை மாடியிலிருந்து, மரச்சாமான் விற்ற ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு மாறியது. வகுப்பறைகளில் வார்னிஷ் வாடை போகவே இல்லை. வெளிநாட்டுக் குழந்தைகளும் நிஜமாகவே வரத் தொடங்கினார்கள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தாள். வீட்டில் மகளுக்குப் பெயர் வாலு.

வாலுவுக்கு நான்கு வயதானதும் அதே பள்ளியில் இடம் கிடைத்தது. அந்த வயதுக்கு ஒரே ஒரு நீல வகுப்புதான். அதன் மிஸ் இவள்தான்.

"அங்க நான் அம்மா இல்லடா தங்கம், மிஸ்" என்று முதல்நாள் இரவே சொல்லி வைத்தாள். வாலு பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள். என்ன புரிந்துகொண்டாள் என்பது அப்போது தெரியவில்லை.

காலையில் இவள் முன்னதாகக் கிளம்பிவிடுவாள். வாலுவைக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். மதியம் அத்தை வந்து கூட்டிப்போவாள். இவள் வீடு திரும்ப மாலையாகிவிடும். ஒரு மாலை, வாலு அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"அம்மா, எங்க ஸ்கூல்ல உன்ன மாதிரியே ஒரு மிஸ் இருக்காங்க. பாவம்மா, அவங்களுக்குத் தமிழே தெரியாது."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீயும் ஒருநாள் போய் அந்த மிஸ்ஸைப் பாத்துட்டு வா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் விளையாடுகிறாளா, நிஜமாகவே நம்புகிறாளா? முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கலானது. வகுப்பில் வாலு அவள் காதருகே வந்து, தன் அம்மா காலையில் ரொம்பக் கத்துகிறாள் என்று ஆங்கிலத்தில் புகார் சொன்னாள். மிஸ் என்ன சொல்வாள்? அம்மா பாவம், வேலை அதிகம் இருக்கும் என்று தனக்குத் தானே வக்காலத்து வாங்கினாள். வீட்டிலோ, "நீல மிஸ் திட்டவே மாட்டாங்க" என்று அடிக்கடி குத்திக்காட்டல். யார்மேல் பொறாமைப்படுவது என்று தெரியாமல் அவள் பாத்திரத்தை 'டங்'கென்று வைப்பாள். அவசரத்தில் வாய் தவறி ஆங்கிலம் வந்துவிட்டால், "மிஸ் மாதிரி பேசாத, நீ அம்மா" என்று வாலுவுக்குக் கோபம் வரும்.

மழை விட்டிருந்த ஒரு காலை, சறுக்குமரத்திலிருந்து வாலு குப்புற விழுந்தாள். முகவாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. நீல மிஸ்தான் ஓடிப்போய்த் தூக்கினாள்.

"அம்மாகிட்ட போகணும்! அம்மாவக் கூப்பிடுங்க!" என்று வீறிட்டாள் வாலு. பிறகு, மிஸ்ஸுக்கு இது புரியாதே என்று அந்த நிலையிலும் நினைவு வந்ததோ என்னவோ, விம்மிக்கொண்டே அதையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தாண்டி அம்மா! என்னைப் பாருடி!"

மைதானத்தில் இருந்த குழந்தைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாலு இன்னும் பயந்து அலறினாள். அவளைத் தள்ளிவிட்டுத் திமிறி, பக்கத்தில் நின்ற பச்சை மிஸ்ஸின் தோளில் போய் ஒட்டிக்கொண்டாள். தையல் போட்டு முடிக்கும்வரை அவளிடம் வரவே இல்லை.

மாலையில் பெரிய மேடத்தின் அறைக்குப் போனாள். "நான் செஞ்சது தப்பா மேடம்?"

பெரிய மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தெரியலையேம்மா. அந்த விதியைப் போட்டப்போ எனக்குக் குழந்தை கிடையாது. இப்பவும் கிடையாது. யார்கிட்ட கேட்பேன்?"

வகுப்பில் இனி யாரும் தன்னை நம்பமாட்டார்கள் என்று நினைத்தபடிதான் மறுநாள் போனாள். குழந்தைகள் வழக்கம்போல ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள்: "நேத்து அவசரத்துக்குத் தமிழ் வந்துச்சு. இப்போ போயிடுச்சு."

வாலு இரண்டு வாரம் கழித்து வந்தாள். பள்ளியில் 'மிஸ்' என்றாள், வீட்டில் 'அம்மா' என்றாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி இரண்டு இடத்திலும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் இவளே கேட்டுப் பெரிய வகுப்புக்கு மாறிக்கொண்டாள். பெரிய மேடம் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், யாரும் எந்த மொழியிலும் பேசலாம் என்று அறிவித்துவிட்டார். அன்று வகுப்பில் நின்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்லப் பார்த்தாள். வாய் வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

வாலு இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த மிஸ் நான்தான் என்று உனக்கு அப்போது தெரியாதா என்று போன வருடம் அவளிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"தெரியாமலா இருக்கும்? நீ நடிச்ச, நானும் கூட நடிச்சேன்" என்றாள் மகள்.

அப்பாடா என்றிருந்தது. ஆனால் சென்ற மாதம் வீட்டுக்கு வந்த தோழிகளிடம் வாலுவே சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எங்க நீல மிஸ்ன்னா எனக்கு உயிரு. அவங்கதான் எங்கம்மான்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் அழுத அழுகை இருக்கே!"

எது உண்மை என்று கேட்க அறைவாசல்வரை போனாள். எந்த மொழியில் கேட்பது என்று ஒரு கணம் தடுமாறி நின்றாள். உள்ளே சிரிப்பு பலமாக இருந்தது. டீ போடப் போய்விட்டாள்.