பாதி என்னுடையது

அந்த மாதங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மும்பையின் திலக் நகர் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போதும் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். வாஷியில் ஒரு மருத்துவமனையில் எனக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கல்யாணம் ஆகாதவள் நான், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒருவரின் விந்தணுவைக் கொண்டு குழந்தை பெற்றுக்கொள்வதென்று முடிவெடுத்திருந்தேன். சட்டம் இடம் கொடுத்தது, டாக்டர் சரி என்றார். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா போன பிறகு மாட்டுங்கா வாடகை வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தோம். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுப்பேன். சாயங்காலம் எங்கள் ஹாலில் பத்தாம் வகுப்புப் பெண்கள் சிலருக்கு டியூஷன்.

ஃப்ரிட்ஜில் கீரைக்கட்டுக்குப் பின்னால் ஊசி மருந்தை ஒளித்து வைத்திருந்தேன். அம்மா ஒருநாள் கீரையை எடுக்கப்போய் அதையும் எடுத்துவிட்டாள்.

"உனக்கு ஷுகர் வந்துடுத்தா?"

இல்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். அம்மா கேஸை அணைத்தாள். ஏன் அணைத்தோம் என்று தெரியாதவள்போல மறுபடி பற்றவைத்தாள்.

"நீ ஒண்டியாவா பெத்துக்கப் போறே?"

"ஒண்டியா முடியாதும்மா. இன்னொருத்தர் வேணும். அவர் யாருன்னு நமக்குச் சொல்லமாட்டா, அவ்வளவுதான்."

"நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"உன் பொண்ணோட குழந்தைன்னு சொல்லு."

அதோடு பேச்சு நின்றது. தட்டு வைத்தாள், காபி கொடுத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் பால்கனிக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

அந்த வாரம் டியூஷனில் இனப்பெருக்கப் பாடம் வந்தது. அமீபா இரண்டாகப் பிரிவதையும் ஹைட்ராவின் உடம்பில் மொட்டு முளைத்துக் குட்டி ஹைட்ராவாகக் கழன்று விழுவதையும் பலகையில் வரைந்தேன். தாராவியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண், திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பிள்ளை, பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"மிஸ், இது ஈஸியால்லா இருக்கு? ஜோடி வேண்டாம், ஒரு ஜன்ஜட்டும் தொல்லையும் இல்ல. பொறவு எதுக்கு மத்ததெல்லாம் இன்னொண்ணத் தேடி அலையுது?"

நான் சாக்பீஸை வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

"வாழைமரத்தைப் பாரு. பக்கத்துலயே கன்னு விடறது. கன்னு அநேகமாத் தாயோட நகல். தாய்க்கு இருக்கற நல்லது அப்படியே வரும். பலவீனமும் அப்படியே வரும். ஒரு மரத்தைச் சாய்க்கற நோய் தோப்பையே சாய்ச்சுடும். ரெண்டு பேர்கிட்டேர்ந்து உண்டாகறது வேற மாதிரி. பாதி இங்கேர்ந்து, பாதி அங்கேர்ந்து. சீட்டைக் கலைச்சுப் போடற மாதிரி ஒவ்வொரு தடவையும் வேற வேறயா விழும். நேரமாகும், அலையணும், சில சமயம் கிடைக்காமலே போகும். ஆனா வர்றது புதுசா இருக்கும். நோய் வந்தா யாராவது ஒருத்தர் தப்பிக்கலாம். ஹைட்ராவுக்கே ரெண்டு வழியும் தெரியும். குளத்துல எல்லாம் நன்னா இருக்கற வரைக்கும் மொட்டு விடும். நிலைமை மோசமானா முட்டையும் விந்தணுவும் உண்டாக்கும்."

"அப்போ கஷ்டம் வந்தாத்தான் அதுக்கு ஜோடி ஞாபகம் வருது," என்றாள் அவள். பெண்கள் சிரித்தார்கள். சமையலறையில் மிக்ஸி சத்தம் எப்போதோ நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா ஹாலுக்கு வந்து பலகையைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்போ அந்தக் குழந்தை உன்னை மாதிரியே இருக்காதா?"

"பாதிதான் நான்."

"மீதி?"

"தெரியாதும்மா."

"நீ தனியாப் பெத்துக்கறேன்னதும், உன்னை மாதிரியே இன்னொண்ணு வரப்போறதுன்னு நெனைச்சேன். இந்தப் பிடிவாதத்தோட ரெண்டு பேரை எப்படிச் சமாளிக்கப்போறேன்னு பயம்." நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாவை மட்டும் எனக்குத் தெரிஞ்சா கழுத்தை நீட்டினேன்? பேர் தெரியும். ரயில்வேல வேலைன்னு தெரியும். அவ்வளவுதான்."

அடுத்த முறை வாஷிக்கு அம்மாவும் வந்தாள்.

முதல் முயற்சி தங்கவில்லை. பள்ளிக்கூடத்தில், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே அது எனக்குத் தெரிந்துவிட்டது. மாலையில் செம்பூர் ஸ்டேஷனைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, எங்கே போகிறோம் என்றில்லாமல் மழையில் நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா துண்டைக் கொடுத்து, "திரும்பவும் போலாமோல்லியோ?" என்று மட்டும் கேட்டாள்.

மறுமுறை தங்கியது. பெண் குழந்தை. கண்ணும் நெற்றியும் என்னுடையவை. முகவாயில் மட்டும் ஆழமான ஒரு குழி. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

நிம்மதி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அமைதியின்மை இடம் மாறியது, அவ்வளவுதான். பஸ்ஸில், கடையில், பாங்கில் என் கண் ஆண்களின் முகவாய்க்குப் போனது. அவள் நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், வாஷியில் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பும்போது, வண்டி கோவண்டியில் நின்றது. பிளாட்பாரத்தில் ஒருவர் நின்றிருந்தார். அதே குழி. என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் குழந்தையோடு இறங்கிவிட்டேன். வண்டி போய்விட்டது.

கிட்டே போனேன். அவர் நிமிர்ந்து, ஏதாவது வேண்டுமா என்று இந்தியில் கேட்டார். அது குழி இல்லை, பழைய காயத்தின் தழும்பு. வாஷிக்கு எந்தப் பக்கம் என்று உளறினேன். அப்போதுதான் அங்கிருந்து வந்திருந்தேன். அவர் பொறுமையாக எதிர்ப் பிளாட்பாரத்தைக் காட்டினார். குழந்தை தண்ணீர் கேட்டாள். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

அடுத்த வண்டியில் பெண்கள் பெட்டியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். குழந்தையின் முகவாயைத் தொட்டு, இது யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று கேட்டாள்.

"தெரியாது," என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவள் உரித்த பட்டாணியில் பிஞ்சாகப் பார்த்து ஒன்றை எடுத்து என் மகளின் கையில் வைத்தாள்.