மெழுகுக்குள் ஒரு சமையற்காரர்

ஷூ பாலிஷ் டப்பாவைத் திறந்தால் போதும். மெழுகும் எண்ணெயும் கலந்த அந்த வாசனையில் பெங்களூரு ஜீவனஹள்ளிக்குப் போய்விடுகிறேன். சந்துக்குள் ஒரு சந்து. ஓட்டு வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் மேல் பழைய புடவை போர்த்திய ஒரு மரப்பெட்டி.

தொண்ணூற்றேழாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். அப்போது எனக்குப் பைத்தியம். பழைய பாட்டுப்பெட்டி எங்கே இருக்கிறது என்று யார் சொன்னாலும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிடுவேன். ஜோகுபாளையத்தில் என் வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட ஒரு கிராமபோன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. எனக்கு வேண்டியது இசைத்தட்டுக்கும் முந்தையது. மெழுகு உருளை சுழன்று பேசும் ஃபோனோகிராஃப். துரு ஏறாத, மரம் வெளுக்காத ஒன்று. உருளையின் மேல் ஊசியோடு உட்காரும் சவுண்டு பாக்ஸை மட்டும் சண்டே பஜாரில் வாங்கி டப்பாவில் வைத்திருந்தேன், மெஷின் கிடைப்பதற்கு முன்பே. தாலியை வாங்கிவிட்டுப் பெண் தேடியவன் நான்.

புடவையை விலக்கியவர் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா, கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரி பங்களாவில் சமையற்காரர். கப்பலேறும்போது அந்த அதிகாரி இவரிடம் விட்டுப்போன பெட்டி. கூடவே பஞ்சு வைத்த அட்டைக் குழாயில் ஒரே ஒரு உருளை.

“இதுல எங்கப்பா பேசறாரு சார். தொரை பேசச் சொல்லிப் புடிச்சாராம். நான் கேட்டதே இல்ல. பெல்ட் அறுந்துபோச்சு, அப்பாவும் போயிட்டாரு. எனக்கு அப்போ ஒரு வயசு.”

விலை கேட்டேன்.

“ரிப்பேர் பண்ணி எனக்கு ஒரே ஒரு வாட்டி போட்டுக் காட்டுங்க. அப்புறம் மெஷினை நீங்களே வெச்சுக்கங்க. வீடு மாத்தும்போதெல்லாம் இத தூக்க முடியலன்னு எம்பையன் கத்தறான்.”

அல்சூரில் செருப்பு தைப்பவரிடம் தோல் வாங்கி பெல்ட் போட்டேன். ஸ்பிரிங்குக்கு கிரீஸ். பெட்டியில் சவுண்டு பாக்ஸ் இல்லை, என்னிடம் இருந்ததையே மாட்டினேன். உருளையை வெளிப்பக்கம் தொடக்கூடாது. துளைக்குள் இரண்டு விரல் விட்டு, விரித்து, ஏந்த வேண்டும். ஏந்தினேன். சாயங்கால வெளிச்சம். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து, ஓர் ஆள்.

“இன்னா சொல்றது தொரை? சரி. ராத்திரிக்கு சூப்பு. அப்பால மீன் வறுவல். அப்பால கஸ்டர்ட்டு. கஸ்டர்ட்ட நான் துன்ன மாட்டேன், நீங்க துன்னுங்க.”

அதற்கப்புறம் சிரிப்பு. உருளை முடியும் வரைக்கும் சிரிப்பு.

மறுநாளே கொண்டுபோயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம். ஆபீஸ் விட்டு வந்ததும் அந்தச் சிரிப்பைக் கேட்காவிட்டால் வீடு வீடாக இல்லை. யாரையோ பெற்ற அப்பாவுக்கு என் காது ஏங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப்போலவே பெட்டி பொறுக்கும் நண்பர்கள் நாலு பேர் காபிக்கு வருவார்கள். “மச்சா, அந்தக் கஸ்டர்ட்டு! இன்னொரு வாட்டி போடு மச்சா!” போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒவ்வொரு முறையும் பெட்டியின் மேல் மெல்லிய பழுப்புத் தூள் படிந்தது. தூசி பொறுக்காதவன் நான். மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டி, வாயால் ஊதித் தள்ளினேன். குரல் மெலிந்தபோது ஸ்பிரிங்கைச் சந்தேகித்து இன்னும் கொஞ்சம் கிரீஸ் போட்டேன். என் சவுண்டு பாக்ஸ் பிற்காலத்துக் கெட்டி உருளைகளுக்கானது, கனமானது. மென்மெழுகில் அதை வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவைக்கு என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். நான் ஊதித் தள்ளிய தூள்தான் அவர்.

கடைசியில் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன், அந்த வீட்டில் எப்படியாவது கேட்டுவிடும் என்று எதையோ நம்பி.

அந்த அம்மா கஞ்சி போட்ட புடவையில் இருந்தார். ஃபேனை நிறுத்தினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கன்னடத்தில் குரல் கொடுத்தார்: “டிவி ஸ்வல்ப கம்மி மாடி!” பெட்டியின் ஒலிக்குழலுக்குள் காதை வைத்தார். சாவி கொடுத்தேன். தகரத்தில் மழை பெய்வது போல ஒரு சத்தம். மழை மட்டும்தான். கடைசியில், சிரிப்பு இருந்த இடத்தில், ஒரு மூச்சு.

“இதுதானா சார்?”

பழைய மெழுகு, பூஞ்சை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

“போன வாரம் வரைக்கும் பேசினாரும்மா. நான்தான் போட்டுப் போட்டுத் தேய்ச்சுட்டேன்.”

காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “நீங்க மட்டுமா கேட்டீங்க?”

“ஃபிரண்ட்ஸும் கேட்டாங்க.”

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

“என்னதான் சொன்னாரு?”

என் குரலில் சொன்னேன். சூப்பு. மீன் வறுவல். கஸ்டர்டுக்கு வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“துன்ன மாட்டேன்னா சொன்னாரு?”

“ஆமாம்மா.”

“எனக்கும் அது ஆகாது சார்,” என்றவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்றேன். “பேச்சுன்னா பேச்சு. எடுத்துக்கிட்டுப் போங்க. இது மட்டும் எனக்கு,” என்று உருளையை உள்ளங்கை முழுக்கப் பிடித்து எடுத்தார். விரல்கள் மெழுகில் பதிந்தன. நான் தடுக்கவில்லை.

இன்றும் அந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது. என் சேகரிப்பிலேயே பழுதில்லாதது அதுதான். ஒரு முறைகூட மறுபடி சாவி கொடுத்ததில்லை.

அன்றைக்கு அந்த அம்மா ஆட்டோ வரை வந்தார். பெட்டி என் மடியில். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“எப்படி சிரிச்சாரு சார்?”

காதுக்குள் இருந்தது. வாய்க்கு வரவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

“பர்வாகில்லா. என்னைக்காவது வந்துச்சுன்னா, வந்து சிரிச்சுக் காட்டிட்டுப் போங்க.”