தலையை இரண்டு முறை அளந்தார்கள்

எனக்கு இருப்பது மிக அபூர்வமான மரபணுக் கோளாறு என்று சொல்லும்போதெல்லாம் டாக்டர் முகத்தில் அப்படியொரு பெருமை, ஏதோ அவரே செய்து கொடுத்த மாதிரி. பள்ளிக்கூட நாளிலேயே என் எலும்புகள் வளர்ச்சியை நிறுத்திவிட்டன. முப்பது வயதைத் தாண்டியும் செம்பாக்கத்து வீட்டில் ஃபேன் போட எனக்கு முக்காலி வேண்டும். ஆபீசில் என் கையெழுத்து இல்லாமல் ஒருத்தருக்கும் லீவு கிடையாது.

அந்த வருஷம் ஐப்பசியில் மனசு சரியில்லாமல் போனது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போனது, காரணமில்லாமல் அழுகை. "உயரம் இல்லையேன்னு கவலை" என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு இருக்கிற குறை, அந்த ஐப்பசியில்தான் ஞாபகம் வந்ததாம்!

தம்பிதான் சிட்டியில் என் எலும்புக் கோளாறைப் பார்க்கிற அந்த டாக்டரிடமே கூட்டிப்போனான். எந்த டாக்டரும் என்னைப் பற்றி அவனிடம்தான் கேட்பார். அவனும் கூச்சமே இல்லாமல் பதில் சொல்வான்.

"தூங்குறாங்களா?"

"சுமாரா தூங்குறாங்க சார்."

பக்கத்து அறையில் குறட்டை விடுகிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

பிறகு மாணவர் கூட்டம் ஒன்று வந்து டேப்பால் என்னை அளந்தது. டெய்லர் இவ்வளவு அளவெடுத்தால் ஒரு ஜாக்கெட்டாவது தைத்துக் கொடுப்பார். தலையை இரண்டு முறை அளந்தார்கள். அதற்குள் என்ன ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானே சொன்னேன். "டாக்டர், ரயில் வரும்போது பிளாட்பாரத்துல நிக்க பயமா இருக்கு."

அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "உயரம் கம்மி இல்லையா, ரயில் ரொம்பப் பெருசா தெரியும். கையைப் பிடிச்சுக்குங்க."

மாணவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது தாம்பரம் வண்டிக்காக நின்றோம். சொன்னபடியே தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். வண்டி வந்ததும் நான் பின்னால் நகர்ந்து தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

"ரயிலைப் பார்த்து இவ்ளோ பயமாக்கா?"

"ரயிலைப் பார்த்து இல்லடா. என்னைப் பார்த்து."

அவன் முகம் வெளுத்துப்போனது. எங்கள் வண்டி கிளம்பிப் போனது, அவன் ஏறவில்லை. என்னை பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டான். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மனநல டாக்டரிடம் போனோம். அவரும் தம்பியைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "நல்லா தூங்குறாங்களா?"

"எனக்குத் தெரியாது சார்," என்றான் தம்பி. "அக்காவைக் கேளுங்க."