கரையான் விட்டுவைத்த கண்

தேவமணியைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிக்கூண்டுக்குள் புகுந்த கட்டுவிரியனை விளக்குமாற்றாலேயே அடித்துக் கொன்றவள் அவள். அப்பேர்ப்பட்டவளுக்குப் போன செப்டம்பரில் பதினைந்து நாள் சோறு இறங்கவில்லை. எல்லாம் ஒரு சிலையால் வந்தது.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றின் கிறிஸ்தவக் கோயிலில் அவள் கோயில்குட்டியார். மணியடிப்பது, பெஞ்சு துடைப்பது, பாட்டு நம்பர்ப் பலகையை மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. புருஷன் பார்த்த வேலை. அவர் போன பிறகு இவளுக்கே கொடுத்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டில் இருந்துகொள்ளச் சொன்னார்கள். பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

குருவானவரை அந்தப் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயர் அங்கி மாட்டும் அறையில், பீரோவுக்கு மேலே ஒரு படம் தொங்கியது. ஊரே இன்றும் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய ஞானாபரணம் உபதேசியாரின் ஒரே படம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு அடைமழையில் அதில் கரையான் ஏறியது. பழைய பாட்டுப் புத்தகக் கட்டுகளைச் சுவரோடு சாய்க்காதே என்று அப்போதிருந்த ஐயர் நூறு தடவை சொல்லியிருந்தார். இவள் சாய்த்தாள். கரையான் உபதேசியாரின் முகத்தில் ஒரு கண்ணையும் ஒரு காதையும் மட்டும் விட்டுவைத்தது. மறுநாள் பேராயர் வருகிறார். ‘வீட்டைக் காலி பண்ணு’ என்று ஐயர் சொல்வது இவளுக்கு அப்போதே காதில் கேட்டது.

வீட்டில் அப்பாவின் படம் இருந்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் வருகிற ஆளுக்கெல்லாம் ஒரே கோட்டு, ஒரே தலைப்பாகைதானே! உபதேசியாரும் அதைத்தான் மாட்டினார், பனையேறியும் அதைத்தான் மாட்டினார். மீசை கூட ஒன்றுபோல. அப்பாவைச் சட்டத்துக்குள் வைத்து ஆணியில் மாட்டிவிட்டாள். பேராயர் வந்தார், காப்பி குடித்தார், போனார். ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பெரிய மனிதர் படத்தை மாட்டுவதே அதற்கப்புறம் பார்க்காமல் இருக்கத்தானே!

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது கோயில் கமிட்டி. உபதேசியாரின் நூற்றைம்பதாவது பிறந்த வருஷத்துக்குக் கோயில் முன்னால் மார்பளவுச் சிலை என்று முடிவாயிற்று. அந்தப் படத்தைப் பார்த்தே மயிலாடியில் கல்லில் செதுக்கினார்கள். ஊரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் அசனத்தன்று திறப்பு.

இப்போதைய ஐயர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “தேவமணியம்மா, நாசரேத்துலருந்து உபதேசியார் பேத்தி வாராவ. தொண்ணூறு வயசு. தாத்தா மடியில இருந்து பாட்டுப் படிச்சவியளாம்!”

தேவமணியின் கையிலிருந்த பூந்தொட்டி கீழே விழுந்து உடைந்தது.

அன்றைக்குப் பிடித்த பயம். கதவு தட்டினால் பயம், ஐயர் இருமினால் பயம். சிலை சாக்குத் துணி சுற்றி வந்து இறங்கியபோது துணிக்குள் கையை விட்டுத் தடவினாள். பனையிலிருந்து விழுந்து வளைந்த அப்பாவின் மூக்கு, கல்லில் அப்படியே சில்லென்று இருந்தது. ஐயையோ என்று கையை இழுத்துக்கொண்டாள். முழங்காலில் நின்று, “ஆண்டவரே, அந்தக் கிழவி வராம...” என்று ஆரம்பித்தவள், தான் கேட்க வந்தது இன்னதென்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு வீட்டுக்காக ஒரு உயிரைக் கேட்பதா? அதற்கப்புறம் ஜெபம் பண்ணவே பயமாகிவிட்டது.

கிழவி வந்தாள், சக்கர நாற்காலியில். துணி விலகியது, எல்லாரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இது எங்க தாத்தா இல்ல.”

கமிட்டிச் செயலாளர் மைக்கிலேயே சிரித்தார். “பாட்டிக்கு வயசாயிட்டுல்லா!” கூட்டமும் சிரித்தது. அடுத்த பாட்டு தொடங்கியது. அவ்வளவுதான், தேவமணி தப்பித்தாள்!

நிழலுக்கு நாற்காலியைத் தள்ளிப்போகச் சொன்னது தேவமணியைத்தான். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, எனக்குக் கிறுக்கு இல்ல. எங்க வீட்டுல ஒரு படமும் கெடையாது. சாகுததுக்கு முன்ன அந்த மொகத்த ஒருக்காப் பாத்துருவோம்னுல்லா வந்தேன். எங்கட்டி எங்க தாத்தா?”

தேவமணி நாற்காலியை நிழலில் நிறுத்தினாள். வீட்டுக்குப் போனாள். கரையான் தின்ற மிச்சத்தை எரிக்கத் துணியாமல் வேதப் புத்தக உறைக்குள் ஒன்பது வருஷமாக ஒளித்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து கிழவியின் மடியில் வைத்தாள்.

“இந்தக் கண்ணுதாம்ட்டி,” என்று கிழவி அந்தத் துண்டைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு சத்தமாக அழுதாள்.

பாட்டு நின்றது. ஐயர் வந்து குனிந்து பார்த்தார். “தேவமணியம்மா, அப்போ அங்கன நிக்கது யாரு?”

கோயில் சாவியும் வீட்டுச் சாவியும் கோத்த இடுப்புக் கொத்தை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“எங்கப்பா, ஐயா. பனையேறி.”

சொல்லிவிட்டு, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.