மேயருக்கு விழுந்த பொன்னாடை

என் வீட்டுக்காரர் கல்கத்தா துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வயதுக்காரர்கள் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க, இவர் ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆள். வங்காளத்தில் சுருட்டிய பணத்தோடு சீமைக்குத் திரும்பி, ஊராருக்குச் சாராயம் ஊற்றி ஓட்டு வாங்கி, மேயராகி, பார்லிமென்டிலும் போய் உட்கார்ந்தவன். "நம்ம கவுன்சிலரே தேவலை போலிருக்கே" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. லைப்ரரி லைப்ரரியாக அலைந்து அவன் கதையை எழுதினார்.

டாலிகஞ்சில் வாடகை மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. அதில் அந்தக் கதையைப் பேச இவரைக் கூப்பிட்டார்கள். மேயரின் பதவி போய், ஊரே அவன் வண்டிமேல் சேற்றை வாரி எறிகிற இடத்துக்குப் பேச்சில் வந்திருந்தார் இவர். அதற்குள் பந்தி தயாராகி, சாம்பார் வாசனை மேடைவரை வந்துவிட்டது. செயலாளர் எழுந்தார். பேசிக்கொண்டிருந்த மனுஷன் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, கையிலிருந்த மைக்கை உருவினார். "ஐயாவுக்குப் பலத்த கைதட்டல்!" எங்கள் கூட்டங்களில் ஒருவர் வாயை அடைக்க இதுதான் மரியாதையான வழி. கைதட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி என் காதுபடவே, "அப்பாடா, வெள்ளைக்காரன் ஒழிஞ்சான்" என்றாள். நாசமாய்ப் போக! இவர் மிச்சத் தாள்களோடு அங்கேயே நின்றார்.

அதன்பின் வீட்டில் மேயர் பேச்சே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மறு வருடம் அதே மேடை. செயலாளர் வரவேற்புரையை ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து அதே பொன்னாடையை எடுத்தேன். விறுவிறுவென்று மேடையேறி அவர் தோளில் போர்த்தி, மைக்கை உருவி, "ஐயாவுக்குப் பலத்த கைதட்டல்!" என்றேன். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. செயலாளர் முகம் சுண்டிப்போய், யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். ஆஹா, என்ன சுகம்!

இறங்கி வந்தால், என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சில தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது என்னைத்தான் கூப்பிடறதா இருந்தாரு. போன வாரம் போன்ல மன்னிப்புக் கேட்டாரு. மிச்சத்தைப் பேசி முடிச்சிடுங்கன்னாரு."

"இதை எங்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"மேடையில கூப்பிடறப்போ நீ பார்க்கணும்னு இருந்தேன்."

அந்த மேயர் கடைசியில் என்ன ஆனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுப் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்கிறார்.