தொண்ணூற்றொன்று

என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் விளம்பரப் பலகை எழுதுகிறவன். வீட்டில் என் பேச்சு எடுபடாது. தெருவில் என் எழுத்து எடுபடும்.

கோடை வந்தால் அந்தப் பள்ளிக்கு நான் எழுதுவது ஒரே வாசகம்: 'பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி'. அந்த நூறு வந்த வழி எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுகிற பிள்ளைகளை, வேறு இடம் பார்த்துக்கொள் என்று டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வடிகட்டினால் நூறு வராமல் என்ன செய்யும்?

ஆனால் சேருகிறவர்கள் வருஷா வருஷம் குறைந்தார்கள். அடுத்த சேர்க்கையும் இப்படியே இருந்தால் பள்ளியை மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. தலைமை ஆசிரியர் பதறியடித்து வீட்டுக்கு வந்து, நூறை இன்னும் பெரிதாக எழுதச் சொன்னார். என் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த நூறப் பாத்துத்தான் சார் பயப்படுறாங்க. நம்ம பிள்ளையையும் துரத்திடுவாங்கன்னு. இனிமே யாரையும் அனுப்பாதீங்க. கணக்குல தோத்தா என்னைக் கேளுங்க."

"ரிசல்ட் குறையுமே டீச்சர்?"

"குறையும். பள்ளிக்கூடம் இருக்கும்."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். அந்த வருஷம் முழுக்க, மணியடித்த பிறகும் அவள் தடுமாறுகிறவர்களை உட்கார வைத்துக் கணக்குப் போட வைத்தாள். இரவுச் சமையல் என் தலையில் விழுந்தது. புலம்பிக்கொண்டே செய்தேன், உள்ளுக்குள் பெருமைதான்.

தேர்ச்சி தொண்ணூற்றொரு சதவீதம். தலைமை ஆசிரியர் முகம் தொங்கிப்போய், இந்த முறை பலகையே வேண்டாம் என்றார். இவளோ பழைய பலகையைத் தூக்கி வந்து என் முன்னால் சாய்த்தாள்.

"தொண்ணூத்தொண்ணுன்னு எழுதுங்க. கீழ, 'யாரையும் வெளியே அனுப்பவில்லை'ன்னு எழுதுங்க. அந்த வரிதான் பெருசா இருக்கணும்."

குறைந்ததை யாராவது விளம்பரம் செய்வார்களா என்று முனகினேன். அவள் பார்த்த பார்வையில் தூரிகையை எடுத்துவிட்டேன்.

சேர்க்கை தொடங்கிய அன்று பலகையை மாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியர் முன்னால் முதல் ஆளாக ஒரு லாரி டிரைவர், பக்கத்தில் தலைகுனிந்து அவர் மகள்.

"நீங்க டி.சி. குடுத்து அனுப்பின பொண்ணு சார். இப்போ சேத்துப்பீங்களா?"

தலைமை ஆசிரியர் எழுந்தார். தன் நாற்காலியையே இழுத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டார்.

"உக்காரும்மா," என்றார். "தப்பு எங்க மேலதான்."