தேவியின் விரலில் தட்டிய மேடு

போன ஞாயிறு சுங்காய் ஊர்க் கோயிலில் ஒரு மொட்டை. முடி இறக்கிக்கொண்டது ஒன்றரை வயது கவின். கத்தி பிடித்தது... அவன் அம்மா தேவி!

கோயிலில் ஆள் இருக்கும்போது இவள் எதற்கு? காரணம் உண்டு. கவினின் தலையில் ஒரு காதிலிருந்து மறு காது வரை நெளிந்து நெளிந்து ஒரு தழும்பு ஓடுகிறது. மொட்டைக்கு டாக்டர் சரி என்றுவிட்டார். ஆனாலும் அந்தத் தழும்பின் மேல் வேறு யார் கையையும் நம்ப தேவி தயாராக இல்லை.

தேவி ஈப்போவில் சலூன் வைத்திருக்கிறாள். பத்து வருடமாக என் தலை அவள் கையில்தான். என் நரை எங்கே தொடங்கியது என்பது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

கவினுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பார்க்கப் போனேன். தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கங்களில் ஒடுங்கி இருந்தது. பார்த்தோமா, வந்தோமா என்று நான் இருப்பேனா?

"குளிப்பாட்டுறப்ப எண்ணெ வெச்சு உருட்டி விடலையா? ஒரே பக்கமா படுக்கப் போட்டிருப்ப!" என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னார்களாம். நம் வீடுகளில் பிள்ளையின் தலை கோணினாலும் சரி, மூக்கு சப்பையானாலும் சரி – குற்றவாளி யார்? குளிப்பாட்டிய தாய்தான்.

தேவி சண்டைக்கு வரவில்லை. என் கையைப் பிடித்துப் பிள்ளையின் உச்சியில் வைத்தாள்.

"தடவிப் பாருங்கக்கா. மேடு தட்டுதா? எத்தன பிள்ளைங்களுக்கு முடி வெட்டியிருக்கேன்... ஒருத்தருக்கும் இப்படி இல்ல. இது உருட்டி சரியாகாதுலா."

தட்டியது. நடு மண்டையில், கெட்டியாக, ஒரு வரப்பு மாதிரி.

மறுநாளே கிளினிக் போனாள். அங்கே நர்ஸ் மிஸ்ஸி தலையை அளந்து பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள்.

குழந்தையின் மண்டை ஓடு பிறக்கும்போது தனித்தனித் துண்டுகளாக இருக்குமாம். மூளை வளர வளர அவை விலகி இடம் கொடுக்கும். கவினுக்கு நடு இணைப்பு அவசரப்பட்டு ஒட்டிக்கொண்டது. அப்படியே விட்டால் மூளை நெருக்கப்படலாம். மண்டை எலும்பை வெட்டித் திருத்தி அமைக்க வேண்டும் என்றார்கள்... அந்தப் பச்சைப் பிள்ளைக்கு!

தேவி கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"நான் சரியா குளிப்பாட்டாததாலயா டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல. சீக்கிரமா கொண்டு வந்தீங்க பாருங்க, அதான் பெருசு."

அதுவரை அழாதவள் அங்கேதான் அழுதாளாம். இதைக் கேட்டபோது என் வாயை யாராவது அன்றைக்கே தைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

ஆறாம் மாதம் ஆபரேஷன். கதவுக்கு வெளியே நானும் அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷன் முடிந்தும் நிம்மதி இல்லை. முகமெல்லாம் வீங்கி, இரண்டு நாள் பிள்ளை கண்ணே திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கண் லேசாகத் திறந்தது. அம்மாவைத் தேடியது. சிரித்தான் பயல்! வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது நான்தான்.

இப்போது ஓடுகிறான், எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறான். தலை அழகான உருண்டை. டாக்டர்களுக்குக் கோடி கும்பிடு. ஆனால் முதலில் கண்டுபிடித்தது யார்? எங்கள் சலூன்காரி! சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சரி, கோயிலுக்கு வருவோம். மொட்டை முடிந்தது. தழும்பு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. கவினை மடியில் வைத்திருந்த தாய்மாமனுக்குச் சங்கடம்.

"தங்கச்சி, தொப்பிய போட்டு விடுலா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் அண்ணே. பாத்தாதானே என்னன்னு கேப்பாங்க? கேட்டாதானே இன்னொரு அம்மா அவ பிள்ள தலைய தடவிப் பாப்பா?"

சொல்லிவிட்டுச் சந்தனத்தை எடுத்தாள். மெல்லிசாகத்தான் பூசினாள் – தழும்பு தெரிகிற மாதிரி!